பழைய கம்ப்யூட்டர் கேபினட்டில் ஜன்னல் வெட்டி பெயிண்ட் அடிப்பது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று இந்த வேலையில் இறங்க வேண்டாம். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த புது கேபினட் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. கருவி எதுவும் கையில் இல்லாமல் ஆரம்பித்தால் அதைவிடக் கூடவே செலவாகும். உங்களிடம் இருப்பது நல்ல கனமான பழைய கேபினட், உள்ளே தாராளமான இடம், தூக்கிப்போட மனசில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

நான் செய்தபோது வேலையைவிட அலைச்சல்தான் அதிகம். எந்தப் பொருளை எந்தக் கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்பது என்று சொல்ல ஆளில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் சாமான்களில் பாதி இங்கே அந்தப் பெயரில் கிடைப்பதில்லை, அவர்கள் ஊர்க் காற்றும் நம்ம ஊர்க் காற்றும் வேறு. அதனால் சென்னையை வைத்தே எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் கடைத்தெருவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். விலையெல்லாம் தோராயம்தான், கடைக்குக் கடை மாறும்.

நாள் கணக்கையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெட்டுவது ஒரு மதிய வேலை. பெயிண்ட் அடிக்கக் கைக்கு ஒரு நாள் வேலை, காயவிடக் குறைந்தது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் அவசரப்படுகிறவர்களின் கேபினட்தான் விரல்ரேகையோடு மாட்டப்படுகிறது. பரீட்சை, ஆபீஸ் வேலை என்று கம்ப்யூட்டர் தேவைப்படுகிற சமயத்தில் தொடங்காதீர்கள்.

1. கேபினட் இதற்குத் தாங்குமா?

பக்கத் தகட்டைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று நெளிந்தால் அது 0.4, 0.5 மி.மீ. தகடு. அதில் பெரிய ஓட்டை போட்டால் மிச்சமிருக்கும் ஓரம் நிற்காது, ஃபேன் ஓடும்போது அதிரும். 0.7, 0.8 மி.மீ. இருந்தால் தைரியமாக வெட்டலாம். மெலிதான தகடுதான் என்றால் ஜன்னலைச் சின்னதாக வையுங்கள், சுற்றிலும் 5 செ.மீ. தகடாவது மிஞ்சட்டும்.

முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கிற தகட்டைத்தான் பெரும்பாலான கேபினட்டில் வெட்ட வேண்டும். மதர்போர்டு தெரிவது அந்தப் பக்கம். வலதுபக்கத் தகட்டைத் திறந்தால் போர்டு மாட்டியிருக்கும் தட்டின் முதுகும் வயர்க் குவியலும்தான் தெரியும்.

அந்தத் தகட்டில் ஏற்கெனவே காற்றுத் துளைகள் இருக்கலாம். அவற்றையும் சேர்த்து வெட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு அந்த வழியாகத்தான் காற்று இழுத்துக்கொண்டிருந்தது என்றால் சூடு ஏறும். முன்னால் ஒரு 120 மி.மீ. ஃபேன் மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

2. தாள், ஸ்டிக்கர், போட்டோ

எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இது. பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் கேபினட்டின் மேல் சீரியல் எண் ஸ்டிக்கர் இருக்கும். விண்டோஸ் 7 காலத்து மெஷின் என்றால் 25 எழுத்து உரிம எண் அச்சடித்த ஸ்டிக்கரும் கேபினட்டிலேயே ஒட்டியிருக்கும். விண்டோஸ் 8 முதல் பிராண்டட் மெஷின்களில் அந்த எண்ணை மதர்போர்டுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள், கவலை இல்லை. பழையது என்றால் தெளிவாகப் போட்டோ எடுத்துவிட்டு, அந்த ஸ்டிக்கரின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். உரித்து வேறு இடத்தில் ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம், உரித்தால் கிழியும்.

பில் தேடி எடுத்து வையுங்கள். வெட்டிய கேபினட்டுக்கு வாரண்டி போய்விடும், அது போகட்டும். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எல்லாவற்றுக்கும் தனித்தனி வாரண்டி என்பதால் அவற்றின் பில்லும் ஸ்டிக்கரும் பத்திரமாக இருக்க வேண்டும். பவர் சப்ளை பெட்டியின் நிறம் பிடிக்கவில்லை என்று அதைத் திறந்து பெயிண்ட் அடிக்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். வாரண்டி போவது இருக்கட்டும், மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடுகிற அளவு மின்சாரம் மிச்சமிருக்கும்.

அப்புறம் பவர் சுவிட்ச், ரீசெட், எல்இடி, யுஎஸ்பி வயர்கள் மதர்போர்டில் எந்தப் பின்னில் இருக்கின்றன என்று கிட்டத்தில் ஒரு போட்டோ. ஸ்குரூவில் இரண்டு ஜாதி உண்டு. ஹார்டு டிஸ்க்குக்கும் பவர் சப்ளைக்கும் வருவது தடித்த மரை, எஸ்எஸ்டிக்கும் டிவிடி டிரைவுக்கும் வருவது மெல்லிய மரை. தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். மாற்றி முறுக்கினால் மரை போய்விடும்.

3. எந்த மாதத்தில் செய்வது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே அடித்தால் காற்றின் ஈரம் பெயிண்டில் இறங்கிப் பளபளப்பு செத்து, வெண்மையாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு அடித்தால் ஈசல் வந்து ஒட்டும், அதை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. மே மாத மத்தியான வெயில் வேறு விதத்தில் கெடுக்கும்: துளிகள் தகட்டில் விழுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகப் படியும். காலை எட்டரையிலிருந்து பதினொன்றுக்குள் அடித்து முடிப்பது நல்லது. அதற்கு மேல் கடல்காற்று கிளம்பிவிட்டால் தூசியோடு வரும்.

4. எதை எங்கே வாங்குவது

கம்ப்யூட்டர் சாமான், ஃபேன், எல்இடி எல்லாம் ரிச்சி தெருவில். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் போங்கள். ஜன்னலுக்கு வைக்கும் அக்ரிலிக் ஷீட்டை (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்) அங்கே தேட வேண்டாம். அது பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும். முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி, உங்களுக்கு வேண்டியது அதில் ஒரு மூலை. அதனால் “அண்ணே, மூணு எம்எம் கிளியர்ல கட் பீஸ் இருக்கா?” என்று கேளுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் துண்டு 200 முதல் 350 ரூபாய்க்குள் முடியும். லேசர் கட்டிங் இருக்கும் கடை என்றால் அளவாகவும் மூலை வளைத்தும் துளை போட்டும் அவர்களே தருவார்கள். அதற்கு கோரல்டிரா ஃபைலோ டிஎக்ஸ்எஃப் ஃபைலோ கேட்பார்கள். இரண்டும் தெரியாவிட்டால் அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொடுத்தாலே போதும், வரையக் கொஞ்சம் காசு சேர்த்து வாங்குவார்கள்.

ஜன்னல் ஓரத்துக்கு வைக்கும் ரப்பருக்கு “யு பீடிங்” என்று பெயர். கார் கதவு ஓரத்துக்குப் போடுவதுதான். அண்ணா சாலைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் தருவார்கள், ரிச்சி தெருவிலிருந்து கிட்டத்தில்தான். தகட்டில் வெட்டிய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதன் ஓரத்தில் மாட்டிப் பாருங்கள். காருக்கான பீடிங் நம் மெல்லிய தகட்டில் தொளதொளவென்று நிற்கும், மெலிந்த வாயுள்ளது வேண்டும்.

ஸ்ப்ரே டப்பா ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், 400 மி.லி. 250 முதல் 350 ரூபாய். வெளிப்புறம் மட்டும் என்றால் பிரைமர் இரண்டு, நிறம் இரண்டு, மேலே அடிக்கும் கிளியர் ஒன்று. உள்ளேயும் என்றால் நிறமும் பிரைமரும் இரண்டிரண்டு கூடும். எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில், ஒரே நாளில் வாங்குங்கள். நிறம் பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் சாயல் மாறலாம். ஒரு கம்பெனி பெயிண்டின் மேல் இன்னொரு கம்பெனி கிளியர் அடித்தால் சில சமயம் அடியில் இருப்பது சுருங்கித் தோல் மாதிரி எழும்பும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்ப்ரே டப்பா எளிதில் தீப்பிடிக்கிற சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், லாரியில் வந்து சேர நாளாகும்.

மிச்சம்: 320, 400, 1000 நம்பர் உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், அரம், கண்ணுக்குக் கண்ணாடி. முகத்துக்கு என்95 போதாது. அது தூசியைத் தடுக்கும், தின்னர் வாடையைத் தடுக்காது. பெயிண்டர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்காக வாங்குங்கள்.

5. அட்டையில் அளவு எடுங்கள்

தகட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஓரமாக மடிப்பும் கொக்கிகளும் இருக்கும். ஜன்னலுக்குப் பின்னால் அக்ரிலிக் உட்கார எல்லாப் பக்கமும் 2 செ.மீ. மேலேறி நிற்க வேண்டும், அது கொக்கியில் இடிக்கக் கூடாது. வெளியிலிருந்து அளந்து வெட்டிவிட்டு உள்ளே அக்ரிலிக் உட்காராமல் தவிப்பது ரொம்ப சாதாரணமாக நடக்கிற விஷயம். ஏடிஎக்ஸ் என்கிற முழு அளவு மதர்போர்டு 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற சின்னது 244க்கு 244. அந்தப் பகுதி தெரிந்தால் போதும். டிரைவ் மாட்டும் கூண்டு வரை வெட்டினால் துரு பிடித்த தகரம்தான் காட்சி.

மூலைகளைக் கூராக வைக்க வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வளைவு வரைந்துகொள்ளுங்கள். கூரான மூலையில் பீடிங் திரும்பாது, மடங்கிப் பிதுங்கும்.

6. வெட்டுவது

மதர்போர்டு முதல் கடைசி வயர் வரை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். துணியால் மூடிவிட்டு வெட்டலாம் என்பது வேண்டாத விஷப்பரீட்சை. கண்ணுக்குத் தெரியாத ஒரு இரும்புப் பொடி போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

என் ஓட்டு ஜிக்சாவுக்குத்தான், கையில் பிடித்து ஓட்டும் மின்சார ரம்பம் அது. பிளேடு முக்கியம்: மரத்துக்கானதைப் போட்டால் தகட்டைக் கிழிக்கும். இரும்புத் தகட்டுக்கான பொடிப்பல் பிளேடு வேண்டும், பாஷில் டி118ஜி என்று கேட்டால் 0.5 முதல் 1.5 மி.மீ. தகட்டுக்கானது. தகட்டைத் தனியாகப் பிடித்து வெட்டினால் அது குதிக்கும், ஓரம் நெளியும். அடியில் ஒரு பழைய பிளைவுட் பலகை வைத்து கிளாம்பு போட்டு, பலகையோடு சேர்த்தே வெட்டுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் வரைந்தால் ஜிக்சாவின் அடித்தட்டு கீறாது. நான்கு மூலையிலும் முதலில் துளை, அப்புறம் நேர்க்கோடுகள். கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே நின்று, மிச்சத்தை அரத்தால் தேய்த்து எடுப்பதுதான் நேராக வர ஒரே வழி.

ஜிக்சா புதிதாக 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும். இந்த ஒரு வேலைக்காக வாங்க மனமில்லை என்றால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுக்கலாம், 100, 200 ரூபாயில் முடித்துத் தருவார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது கட்டிங் வீல், ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்கள், சூட்டில் தகடு வளைந்துவிடும். “விட்டு விட்டு வெட்டுங்கண்ணே, கோட்டுக்கு ரெண்டு எம்எம் உள்ளயே நிறுத்திக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கூடவே நில்லுங்கள்.

அக்ரிலிக்கைப் பிடிக்கும் ஸ்குரூத் துளைகள், புது ஃபேனுக்கான துளை, எதுவாக இருந்தாலும் இப்போதே போட்டுவிடுங்கள். பெயிண்டுக்குப் பிறகு டிரில் எடுக்கக் கூடாது.

7. அக்ரிலிக்

கடையில் வெட்டித் தந்துவிட்டால் இந்தப் பகுதியில் வேலை குறைவு. வீட்டில் வெட்டினால், அளவுகோல் வைத்து அக்ரிலிக் கட்டரால் பத்துப் பன்னிரண்டு முறை கீறி, மேஜை விளிம்பில் வைத்து ஒரே அமுக்கு. ஜிக்சா வேகமாக ஓட்டினால் உருகி, வெட்டிய இடமே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஸ்குரூத் துளையை ஸ்குரூவைவிட ஒரு மி.மீ. பெரிதாகப் போடுங்கள். சூட்டுக்கு இரும்பு நீள்வதைப்போல ஐந்தாறு மடங்கு அக்ரிலிக் நீளும். இறுக்கமான துளை என்றால் கொஞ்ச நாளில் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கடைசி வரை உரிக்கக் கூடாது. தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அதன்மேல் படக் கூடாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஃபெவிக்விக் மாதிரிப் பசையும் வேண்டாம், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும்.

அக்ரிலிக் வேண்டாம், கண்ணாடிதான் என்றால் கடையில் அளவு கொடுத்து வெட்டி, துளை போட்டு, அதற்குப் பிறகு டஃபன் செய்து (சூடேற்றி உறுதியாக்கி) வாங்க வேண்டும். ஏற்கெனவே டஃபன் செய்த கண்ணாடியில் டிரில் வைத்தால் மொத்தமும் பொடியாக உதிர்ந்துவிடும்.

8. பெயிண்டுக்கு முன்னால்

டிங்கரிங் கடையில் பாருங்கள், ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிற நேரத்தைவிடத் தேய்க்கிற நேரம் பல மடங்கு. இங்கேயும் அதே கதைதான்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவிக் காயவையுங்கள். பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. 320 தாளால் தேய்த்து பளபளப்பைக் கொன்றால் போதும், புதுப் பெயிண்டுக்கு அதுதான் பிடிமானம். கீறல், பள்ளம் இருந்தால் பட்டி வைத்து, காய்ந்ததும் 400 தாளால் சமன் செய்யுங்கள். பெயிண்ட் பள்ளத்தை நிரப்பும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பளபளப்பான பெயிண்டில் பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். வெட்டிய ஓரம் வெற்று இரும்பு, சென்னைக் காற்றுக்கு நாலு நாளில் துரு ஏறிவிடும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

உள்பக்கத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. பழைய கேபினட்டின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் வெற்றுத் தகடாகத் தெரிகிறதே, அது துத்தநாகம் பூசியது. அதன்மேல் நேரடியாக எனாமல் அடித்தால் முதலில் அருமையாக இருக்கும், சில மாதத்தில் சின்னதும் பெரிதுமாக உரிந்து வரும். கார் பெயிண்ட் கடையில் எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்கி ஒரு மெல்லிய கோட் அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். முன்பக்க முகப்பு பிளாஸ்டிக், அதற்கு பிளாஸ்டிக் பிரைமர். அதைத் தின்னரால் துடைத்தால் இளகிப் பிசுபிசுக்கும்.

டேப் ஒட்ட வேண்டிய இடங்கள்: மதர்போர்டு உட்காரும் பித்தளைத் தூண்கள், எல்லா மரைகள், பவர் சப்ளை திருகும் பின்பக்க ஓட்டைகளைச் சுற்றி, பக்கத் தகடு கேபினட்டைத் தொடும் ஓரம். இங்கெல்லாம் இரும்பு இரும்பைத் தொட வேண்டும், எர்த் போகும் வழி அது.

9. அடிப்பது

மொட்டை மாடி என்றால் பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் வைத்து அடியுங்கள். தரையில் முன்கூட்டித் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். அடுத்த வீட்டுத் துணியும் பக்கத்தில் நிற்கும் பைக்கும் உங்கள் பொறுப்பு, ஸ்ப்ரே துளி எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள்.

டப்பாவை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 25 செ.மீ. தூரம். தகட்டுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, நேராக இழுத்து, அந்தப் பக்கம் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன் பாதியை மூட வேண்டும். முதல் கோட் பனி படிந்த மாதிரி, அடியில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். அதை மூட வேண்டும் என்று அங்கேயே நின்று அடிப்பதுதான் வழிந்து ஓடுவதற்குக் காரணம். கோட்டுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிடம். மூன்று அல்லது நான்கு மெல்லிய கோட்டில் நிறம் நிரம்பிவிடும்.

டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில், அடுத்த கோட்டை எத்தனை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் எத்தனை மணி நேரம் கழித்து அடிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். எனாமலில் இந்த இரண்டுக்கும் நடுவே அடுத்த கோட் அடித்தால் சுருங்கிவிடும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நான் ஒரு எண் சொல்ல மாட்டேன், டப்பாவைப் படியுங்கள். வழிந்துவிட்டால் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 1000 தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு மேலே ஒரு கோட். முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும் வரை அழுத்தினால் மூக்கு அடைக்காது.

இரண்டு பகுதி கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் கல் மாதிரி உறுதியாக நிற்கும், உண்மைதான். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். வீட்டில் அடிக்கவே வேண்டாம். அந்தப் பூச்சுதான் வேண்டும் என்றால் கார், பைக் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் தகடுகளை மட்டும் கொடுங்கள், 1,000 முதல் 2,000 ரூபாய் கேட்பார்கள். நிறத்தைப் பேச்சில் சொல்லாமல் ஏதாவது ஒரு கார் மாடலின் நிறப் பெயரைக் காட்டி எழுதிக் கொடுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் போனால் ஆட்டோவும் லாரியும் வரிசையில் நிற்கும், உங்கள் தகடு மூலையில் கிடக்கும்.

அம்பத்தூர், கிண்டி பக்கம் பவுடர் கோட்டிங் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட உறுதியானது அதுதான். ஆனால் 180, 200 டிகிரி அடுப்பில் வைப்பார்கள், அதனால் பிளாஸ்டிக், ரப்பர், பட்டி வைத்த இடம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு கேபினட்டுக்காக நிறம் மாற்ற மாட்டார்கள், அன்றைக்கு ஓடுகிற நிறத்தில்தான் கிடைக்கும்.

10. மாட்டி, ஆன் செய்வது

ஒரு வாரம் ஆன பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. விழாவிட்டால் பீடிங்கை ஜன்னலின் கீழ் ஓரத்து நடுவில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டு வாருங்கள், இணைப்பு அங்கே இருந்தால் கண்ணில் படாது. அக்ரிலிக்கை உள்பக்கமாக வைத்து நைலான் வாஷரோடு ஸ்குரூ, விரலால் இறுகும் அளவு போதும். ஸ்குரூ தெரியக் கூடாது என்றால் நல்ல கெட்டியான இருபக்க டேப். அது பெயிண்டைப் பிடித்து நிற்கிறது, தகட்டை அல்ல; பெயிண்ட் சரியாகக் காயாமல் இருந்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

மதர்போர்டை மாட்டுவதற்கு முன் கேபினட்டின் உள்ளே ஒரு காந்தத்தை ஓட்டி இரும்புப் பொடியை எடுத்துவிடுங்கள். பவர் சப்ளையை மாட்டி, கரண்ட் கொடுக்காமல், மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து ஒரு முனையை பவர் சப்ளை சாக்கெட்டின் எர்த் பின்னிலும் மறுமுனையைக் கேபினட்டின் வெற்று ஸ்குரூவிலும் தொடுங்கள். பீப் வர வேண்டும். பக்கத் தகட்டை மாட்டி அதிலும் ஒருமுறை பாருங்கள். வராவிட்டால் எங்கோ டேப் ஒட்டாமல் பெயிண்ட் ஏறியிருக்கிறது, அந்த இடத்தை மட்டும் சுரண்டினால் சரியாகிவிடும். பீப் வந்த பிறகு போர்டை மாட்டி ஆன் செய்யுங்கள். அக்ரிலிக்கின் காகிதத்தை அப்போது உரித்தால் போதும்.